பச்சை இருக்கும்போதே

கல்யாண வீட்டில் பெரியவர் கையில் மைக் கிடைத்தால் நாணல் வந்தே தீரும். வெள்ளம் வந்தது, ஆலமரம் சாய்ந்தது, நாணல் வளைந்து கொடுத்துப் பிழைத்தது, அதனால் மணமக்களே நீங்களும் விட்டுக்கொடுத்துப் போங்கள். நானும் இதைச் சொல்லிக் கைதட்டு வாங்கியவன்தான். கதையில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் பிழைப்புக்குத் தாவரவியல் நடத்தியவன் என்ற முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வளைவது நாணலின் சில்லறைச் சாமர்த்தியம். அதன் பெரிய சாமர்த்தியம் சேற்றுக்குள் நடக்கிறது. மேலே ஏற்றியதை வருஷாவருஷம் கீழே இறக்குகிற கணக்கு அது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு வளைவதைவிட அந்தக் கணக்குதான் அதிகம் உதவும்.

நான் சொல்லும் நாணல் ஃபிராக்மைட்டஸ் ஆஸ்திராலிஸ். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் ஏரி ஓரங்களில் இரண்டு ஆள் உயரத்துக்குக் காடாக நிற்கும். உச்சியில் பழுப்பும் ஊதாவுமாகப் பூங்கொத்து இருக்கும். நம் பக்கத்து ஏரிக்கரைகளிலும் ஆற்றுக் கழிமுகங்களிலும் இதன் நெருங்கிய உறவான ஃபிராக்மைட்டஸ் கர்கா உண்டு. நம்மூரில் உறைபனி கிடையாது. அதனால் எல்லாத் தண்டும் ஒரே நேரத்தில் பழுப்பதில்லை. ஒன்று காயும், பக்கத்தில் ஒன்று முளைக்கும், கணக்கு கலந்துபோகும். குளிர் நாட்டில்தான் வருஷம் வெட்டுவெட்டாகத் தெரியும். ஆகவே பாடத்துக்கு அங்கேதான் போக வேண்டும்.

நாணலின் உயிர் தண்டில் இல்லை. சேற்றுக்குள் கிடையாக ஓடுகிற கிழங்கில் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் மட்டநிலத்தண்டு என்று எழுதுவோம், இங்கே கிழங்கு என்றே வைத்துக்கொள்கிறேன். தண்டுக்கு ஆயுள் ஒரு வருஷம். கிழங்கு பல வருஷம் கிடக்கும். அதுதான் இந்தக் குடும்பத்தின் பத்தாயம்: மாவுச்சத்து, தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்) எல்லாம் அங்கேதான் சேமிப்பு. அடுத்த வருஷத்துக்கான முளைக்கண்கள்கூட முந்தின இலையுதிர்காலத்திலேயே உருவாகி, குளிர்காலம் முழுக்கச் சேற்றுக்குள் காத்திருக்கும்.

வசந்தம் பிறந்து நிலம் சூடானதும் அந்த முளை மேலே வருகிறது. அப்போது அதற்கு இலையும் கிடையாது, சொந்தச் சம்பாத்தியமும் கிடையாது. நாளுக்குச் சில சென்டிமீட்டர் என்று தாவி வளர்வது முழுக்கக் கிழங்கின் செலவில். அந்த இளந்தண்டை அறுத்து உலர்த்திச் சோதித்தால் எடையில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு வரை தழைச்சத்து இருக்கும். பின்பனியில் நிற்கிற காய்ந்த தட்டையில் ஒரு பங்குகூடத் தேறாது. இந்த மாதிரிக் கணக்குகளைப் பொறுமையாக எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர்கள் செக் நாட்டின் திரெபோன் வட்டார ஆராய்ச்சியாளர்கள். மத்திய காலத்தில் மீன் வளர்ப்பதற்கு வெட்டிய குளங்கள் நிறைந்த பகுதி அது. 1964-லிருந்து 1974 வரை நடந்த சர்வதேச உயிரியல் திட்டத்தின் காலத்தில் அந்தக் குளத்தோர நாணல்களை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்தார்கள். டாக்மார் டிக்கியோவாவும் யான் க்வேட்டும் பதிப்பித்த பெரிய தொகுப்பு 1978-இல் வந்தது. தண்டு வேறு, இலை வேறு, கிழங்கு வேறாகப் பிரித்து, காயவைத்து, எரித்து, பருவத்துக்குப் பருவம் அளப்பது சலிப்பான வேலை. வகுப்பில் அதைச் சொல்லும்போதெல்லாம், சலிப்பான வேலையைச் செய்ய ஆள் இருக்கிற நாடுதான் முன்னேறும் என்று ஒரு வரி சேர்ப்பேன்.

இந்த அளவுகளில் மேம்போக்காகப் படிப்பவர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வசந்தத்திலிருந்து கோடைக்குப் போகப் போக நாணலில் தழைச்சத்தின் சதவீதம் இறங்கிக்கொண்டே வரும். பார்த்தால் இழப்பு போலத் தோன்றும். ஆனால் ஒரு சதுர மீட்டர் நாணற்காட்டில் உள்ள மொத்தத் தழைச்சத்து அதே நாட்களில் ஏறிக்கொண்டிருக்கும். உடம்பு பெருக்கிறது, நாரும் தட்டையும் கூடுகின்றன, அதனால் பங்கு குறைகிறது. மொத்தம் உச்சத்தைத் தொடுவது ஜூலை, ஆகஸ்ட் வாக்கில். 'காலேஜில் இருந்த வேகம் இப்போது அவனிடம் இல்லை சார்' என்று நாற்பது வயது மகனைப் பற்றி வருத்தப்படும் தகப்பன்மார்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு. வேகம் எங்கேயும் போகவில்லை. அவன் மேல் ஏறிய குடும்பத்தில் பரவிக் கிடக்கிறது.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். கிழங்கு மிகவும் காலியாக இருக்கும் நேரம் எது? பனி மூடிய ஜனவரி அல்ல. கோடையின் தொடக்கம். மேலே ஏற்ற வேண்டியதை எல்லாம் ஏற்றியாகிவிட்டது, இலைகள் சம்பாதித்துக் கீழே அனுப்புவது இனிமேல்தான். கரையில் நின்று பார்க்கிறவனுக்கு அதுதான் நாணலின் ஜோரான காலம். இலையெல்லாம் கரும்பச்சை, காற்று அடித்தால் காடே சலசலக்கும். அடியில் பத்தாயம் வெறுமை. அந்த நேரத்தில் நாணலை வெட்டினால் அதற்கு விழுகிற அடி மற்ற எந்த மாதத்திலும் விழாது. மறுபடி துளிர்க்கக் கையிருப்பு கிடையாது. தொடர்ந்து சில வருஷம் அதே பருவத்தில் வெட்டிக்கொண்டே வந்தால் அடர்ந்த காடும் மெலிந்து போகும். நாணலை ஒழிக்க நினைப்பவர்கள் இந்தப் பருவத்தைத்தான் தேடுவார்கள்.

நம் வீடுகளில் முப்பத்தைந்து வயதுக்காரனை நினைத்துப் பாருங்கள். புது ஃபிளாட், தவணையில் கார், பிள்ளை இங்கிலீஷ் மீடியம். ஊர் கண்ணுக்கு அவன் கொழித்துக் கிடக்கிறான். தங்கச்சி கல்யாணத்துக்கு இவ்வளவு, சித்தப்பா ஆபரேஷனுக்கு இவ்வளவு, கோயில் கும்பாபிஷேகத்துக்கு இவ்வளவு என்று எல்லோரும் அப்போதுதான் அரிவாளோடு வருகிறோம். மாதக் கடைசியில் அவன் வங்கிக் கணக்கில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பெற்றவர்களுக்குப் பிள்ளையிடம் உரிமை உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் கேட்கிற பருவத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். பத்து வருஷம் பொறுத்தால் அவனே கொடுப்பான்.

ஆகஸ்ட் தாண்டியதும் நாணல் திரும்புகிறது. இந்தத் திருப்பத்தைத்தான் நான் வகுப்பில் ஆசையாக நடத்துவேன். இலை பழுப்பதை வாடுவது என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஒழுங்காகச் சாமான் கட்டி வண்டி ஏற்றுகிற வேலை. இலையில் உள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி, ஒளிச்சேர்க்கை நடத்துகிற புரதங்களில் இருக்கிறது. அந்தப் புரதங்களைச் செடி தானே பிரித்து அமினோ அமிலங்களாக்கி, புளோயம் என்ற சத்துக்குழாய் வழியாகக் கீழே அனுப்புகிறது. மணிச்சத்து நியூக்ளிக் அமிலங்களிலிருந்து பிரிந்து இறங்குகிறது. பச்சையம் போன பிறகு ஏற்கெனவே இருந்த மஞ்சள் நிறமிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. நிலத் தாவரங்களைப் பொதுவில் எடுத்துக்கொண்டால் உதிரப்போகிற இலையிலிருந்து ஏறத்தாழ பாதித் தழைச்சத்தும் பாதி மணிச்சத்தும் இப்படி மீட்கப்படுகின்றன என்பது கணக்கு. பாதி என்பதைக் கேட்டுச் சில மாணவர்கள் முகம் சுளிப்பார்கள், மீதிப் பாதி வீண்தானே என்று. வேரைச் சேற்றில் நீட்டிப் புதிதாகச் சேர்ப்பதன் செலவைப் பார்த்தால் பாதி மிச்சம் பெரிய மிச்சம்.

எல்லாச் சத்தும் இறங்காது என்பதையும் சொல்ல வேண்டும். சாம்பல் சத்து சுலபமாக நகரும், ஆனால் பிடிமானம் இல்லாதது. காய்ந்த இலையில் மழை பட்டால் கரைந்து தண்ணீரோடு போய்விடும். சுண்ணாம்புச் சத்து நேர்மாறு. அது செல்சுவரில் ஒட்டிக்கொள்ளும், புளோயம் வழியே திரும்பி ஓடாது. அதனால் இலைக்கு வயதாக ஆக அதில் சுண்ணாம்பு கூடிக்கொண்டே போகும். சிலிக்காவும் அப்படியே. தண்ணீரோடு கரைந்து வேர் வழியே ஏறி, இலையில் கெட்டிப் பொருளாகப் படிந்துவிட்டால் பிறகு இறங்கும் பேச்சே இல்லை. நாணல் இலையின் விளிம்பில் விரலை இழுத்துப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். பிளேடு பட்டதுபோல ரத்தக்கோடு போடும்.

இதைக் கண்ணால் காட்ட ஒரு சோதனை உண்டு. முற்றிய இலைத்துண்டைப் பீங்கான் மூசையில் வைத்து பர்னரில் சூடேற்றுவோம். முதலில் புகை, பிறகு கரி. விடாமல் சூடேற்றினால் கரியும் எரிந்து, வெள்ளைச் சாம்பல் மிஞ்சும். ஆனால் அந்தச் சாம்பல் பொடியாக இராது. இலை வடிவிலேயே கிடக்கும். நரம்புகள் இணைக்கோடுகளாக ஓடுவது அப்படியே தெரியும். லென்ஸில் பார்த்தால் செல்களின் வரிசைகூட இருக்கும். ஊசிமுனையால் தொட்டதும் நொறுங்கும். பையன்கள் ஒவ்வொருவராகத் தொட்டு நொறுக்குவார்கள். அந்த வயதுக்கு அது வேடிக்கை. எனக்கு அதில் வேறொன்று தெரியும். ஒரு மனிதனுக்குள் இப்படிப் படிந்துபோனவை உண்டு: அவன் கோபம், அவன் பிடிவாதம், எந்தக் கடையில் எவன் ஏமாற்றினான் என்ற நினைவு. இவற்றைப் பிள்ளைகளுக்கு இறக்கிக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் வேண்டாம். இலையோடு போகட்டும். நகரக்கூடியவை வேறு: நிலத்தின் கணக்கு, தொழிலின் நுணுக்கம், யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்ற பக்குவம். நம்மில் பலர் செய்வது தலைகீழ். பகையைப் பத்திரமாகக் கைமாற்றுகிறோம், பத்திரம் எங்கே என்பதை மறைத்து வைக்கிறோம்.

இறக்குகிற வேலைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. இலை உயிரோடு இருக்க வேண்டும். புரதத்தைப் பிரிக்கவும் புளோயத்தில் ஏற்றவும் செல்களுக்குச் சக்தி வேண்டும். செத்த இலையால் எதையும் திருப்பித் தர முடியாது. சில வருஷங்களில் உறைபனி முந்திக்கொள்ளும். ஒரே இரவில் இலை கருகினால் அதுவரை இறங்கியது லாபம், மேலே இருந்தது மேலேயே போச்சு. ஆகவே நாணல் பனியைப் பார்த்த பிறகு தொடங்குவதில்லை. இலை பச்சையாக இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

எங்கள் சொந்தத்தில் ஒருவர் கமிஷன் கடை வைத்திருந்தார். கொடுக்கல் வாங்கல் எல்லாம் மனக்கணக்கு. எந்த ஊரில் யார் எவ்வளவு தர வேண்டும், எந்த வயலுக்கு எல்லைக்கல் எங்கே என்பதெல்லாம் அவர் தலைக்குள். மகன் கேட்டால், 'நான் என்ன நாளைக்கேவா போகப்போறேன்?' என்பார். போகவில்லை. பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. கட்டில் ஓரத்தில் மகன் உட்கார்ந்து, 'அப்பா, கடன் நோட்டு எங்கன்னு மட்டும் கண்ணக் காட்டுங்கப்பா' என்று கேட்டதை நான் பார்த்தேன். அவர் கண் எல்லாத் திசையிலும் சுற்றியது. நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். பனி முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

நாணலை எப்போது அறுப்பது என்பதிலும் இதே கணக்கு உண்டு. அதற்கு ஜப்பானைப் பார்க்கலாம். ஜப்பானின் மிகப் பெரிய ஏரி பிவா. பரப்பு ஏறத்தாழ 670 சதுர கிலோமீட்டர். ஷிகா மாகாணத்தில் இருக்கிறது. 1977-இல் அந்த ஏரியில் நுண்பாசி பெருகித் தண்ணீர் செம்பழுப்பானது. துணி துவைக்கும் பொடியில் உள்ள பாஸ்பேட்டும் ஒரு காரணம் என்று தெரிந்ததும் வீட்டுப் பெண்கள் திரண்டு, பொடியை விட்டுப் பழைய சோப்புக்குத் திரும்பும் இயக்கம் நடத்தினார்கள். 1979-இல் மாகாணம் பாஸ்பேட் கலந்த சலவைப் பொடியின் விற்பனையையும் பயன்பாட்டையும் தடுத்துச் சட்டம் கொண்டுவந்தது. கரைகட்டுவதிலும் நிலமாக்குவதிலும் அழிந்துகொண்டிருந்த நாணற்காடுகளைக் காக்க 1992-இல் தனிச் சட்டமே போட்டார்கள்.

அங்கே நாணலைக் குளிர்காலத்தில் அறுக்கிறார்கள். சத்தெல்லாம் கிழங்குக்கு இறங்கி, இலை உதிர்ந்து, தட்டை வெறும் நாராக நிற்கும் காலம் அது. அறுத்த தட்டை வெயில் மறைக்கும் தட்டிக்கும் கூரைக்கும் போகும். குளிர் முடியும் தறுவாயில் மிச்சத்துக்குத் தீ வைப்பார்கள். தழைச்சத்து புகையோடு போய்விடும். சுண்ணாம்பும் சாம்பல் சத்தும் மணிச்சத்தும் பெரும்பாலும் சாம்பலாக அங்கேயே விழும். வெளிச்சம் பட்ட கரிநிலத்திலிருந்து புது முளை வரும். கிழங்குக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் ஏரியைச் சுத்தம் செய்ய நினைப்பவருக்கு இதில் ஒரு சங்கடம். தண்ணீரில் மிகுந்துவிட்ட தழைச்சத்தையும் மணிச்சத்தையும் நாணல் உறிஞ்சி வைத்திருக்கிறது, அறுத்து வெளியே எடுத்தால் தண்ணீர் தெளியும் என்பது யோசனை. குளிர்காலத் தட்டையில் அந்தச் சத்து கொஞ்சம்தானே இருக்கிறது? அதிகமாக எடுக்க வேண்டுமானால் கோடையில் பச்சையாக அறுக்க வேண்டும். பச்சையாக அறுத்தால் கிழங்கு பட்டினி கிடக்கும். கோடை முற்றி, கிழங்குக்கு ஓரளவு இறங்கிய பிறகு, மேலே இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது அறுக்கலாம் என்று நடுவழி சொல்கிறவர்கள் உண்டு. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. முழு லாபமும் வேண்டும், செடியும் பிழைக்க வேண்டும் என்றால் நடக்காது. தவிர, நாணற்காட்டில் தண்ணீர் தெளிவதில் பெரிய பங்கு செடியுடையதே அல்ல. வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள்தான் தழைச்சத்தைப் பிரித்துக் காற்றில் விடுகின்றன. நாணல் அவற்றுக்கு இடமும் மூச்சும் கொடுக்கிறது. பெயர் நாணலுக்கு, உழைப்பு அவற்றுக்கு. எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

சத்து மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் நார்போக் பக்கம் போக வேண்டும். பிராட்ஸ் என்று அங்கே ஆழமில்லாத ஏரிகள் நிறைய. இயற்கை ஏரிகள் என்று நினைத்திருந்தார்கள். மத்திய காலத்தில் எரிபொருளுக்காகக் கரிமண் வெட்டிய குழிகளில் தண்ணீர் நின்றவை அவை என்று 1950-களில் ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவரவியல் அம்மையார் நிறுவினார். அந்த ஏரியோர நாணல் கூரை வேய்வதற்குப் பேர்போனது; நன்றாக வேய்ந்தால் ஐம்பது வருஷத்துக்கு மேல் தாங்கும் என்பார்கள். அங்கேயும் அறுவடை இலை உதிர்ந்த குளிர்காலத்தில்தான். இருபதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து தண்ணீரோர நாணல்கள் அங்கே சிதையத் தொடங்கின. தோலுக்காக வளர்க்கக் கொண்டுவந்து தப்பிப்போன தென்னமெரிக்கக் கொறிப்பான் ஒன்று கிழங்கைத் தின்றது உண்மை. அதை 1989-க்குள் ஒழித்தும் விட்டார்கள். ஆனால் வயல் உரமும் கழிவுநீரும் கலந்த தண்ணீரையும் ஆராய்ந்தவர்கள் சந்தேகித்தார்கள். தழைச்சத்து தண்ணீரிலேயே தாராளமாகக் கிடைத்தால் நாணல் மேலே உயர்ந்து தழைக்கும், கீழே வேரும் கிழங்கும் போடுவதில் சுணங்கும். தலை கனத்து, அடி மெலிந்து, காற்றிலும் அலையிலும் பெயர்ந்துவிடும். இதற்கு நாணலைக் குறை சொல்லிப் பயனில்லை. உரத்தைக் கொட்டியவர்கள் மேட்டில் இருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை என்று புலம்புகிற வீடுகளிலும் முதலில் மேட்டைத்தான் பார்க்கத் தோன்றுகிறது எனக்கு.

சத்தெல்லாம் இறங்கிவிட்ட பிறகு தட்டைக்கு வேலை முடிந்ததா? முடியவில்லை. அதன் உள்ளே குழல் இருக்கிறது. சேற்றில் ஆக்சிஜன் கிடையாது, கிழங்கு மூச்சுவிட வேண்டும். குளிர்காலம் முழுக்க அந்தச் செத்த தட்டைகள் வழியாகத்தான் காற்று கீழே போகிறது. உயரமாக ஒடிந்து நிற்கும் தட்டையின் வாயைக் காற்று உரசிக்கொண்டு ஓடும்போது உள்ளிருக்கும் காற்றை அது உறிஞ்சி இழுக்கிறது. தாழ நிற்கும் இன்னொரு தட்டை வழியே புதுக்காற்று கிழங்குக்குள் நுழைகிறது. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஆம்ஸ்ட்ராங் தம்பதி இதை 1990-களில் விளக்கினார்கள். தட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அறுத்தால் குழலில் தண்ணீர் புகுந்து கிழங்கு மூச்சுத்திணறிச் சாகும். விவரம் தெரிந்தவர்கள் அடித்தட்டையைத் தண்ணீருக்கு மேலே விட்டுத்தான் அறுப்பார்கள்.

நானும் இப்போது அப்படி ஒரு தட்டைதான். எங்கள் சாஸ்தா கோயிலின் பங்குனி உத்திரக் கணக்கு நெடுநாளாக என்னிடம் இருந்தது. தலைக்கட்டு வரி யார் யார் தர வேண்டும், யாருக்கு முதல் மரியாதை, எந்தப் பந்தல்காரர் நம்பகமானவர், படையலுக்கு எவ்வளவு அரிசி எல்லாம் ஒரு நீளநோட்டில். கண் நன்றாகத் தெரியும்போதே நோட்டைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டேன். அவன் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பெயர்களை ஆங்கில அகரவரிசையில் போட்டுவிட்டான்; யார் வீட்டுக்குப் பிறகு யார் வீடு என்ற தெருமுறை எல்லாம் போச்சு. நான் ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் போன் செய்தான்.

"பெரியப்பா, பந்தலுக்கு அட்வான்ஸ் எவ்வளவு கொடுப்பீங்க?"

சொன்னேன்.

"அவரு டபுளா கேக்காரு."

"கேப்பாரு. கொடுக்கது ஒம்பாடு."

சமையல்காரரைப் பற்றி அவன் இன்னும் கேட்கவில்லை. அவரிடம் எண்ணெய்க் கணக்கில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பங்குனிக்கு இன்னும் நாள் கிடக்கிறது, கேட்பான்.